மூளை கடைசியாக விடுவது

பால் பொங்குவதற்குள் அடுப்பை அணைத்தேன். காபி கலந்தேன். ஒரு தம்ளரை மூடி வைத்தேன். அது மாமாவுக்கு.

ஊறிய அரிசியையும் பருப்பையும் அரைத்தேன். மிளகாய், உப்பு, ஒரு சிட்டிகை பெருங்காயம். கறிவேப்பிலையைக் கிள்ளிப் போட்டேன்.

தினமும் அடைதான். நேற்றும் அடை சாப்பிட்டது மாமாவுக்கு நினைவிருக்காது.

மாமா, என் மனைவி சங்கரியின் அப்பா. சுத்த சைவம். பக்கத்து வீட்டில் முட்டை பொரித்தால் ஜன்னலைச் சாத்துவார்.

முதலில் மூக்குக்கண்ணாடி வைத்த இடம் மறந்தது. பிறகு தெருவின் பெயர். பிறகு தன் தம்பியின் முகம்.

அவள் கல்லூரியில் உயிர்வேதியியல் நடத்தினாள். அவருடைய ரத்தத்தைச் சோதனைக்கு அனுப்பினாள். செலினியம் குறைவு என்று வந்தது.

அந்தப் பெயரையே அன்றுதான் கேட்டேன்.

மண்ணிலிருந்து சாப்பாட்டுக்கு வருகிற சத்து என்றாள். இம்மியளவு போதும். கூடினால் விஷம். உடம்பில் தட்டுப்பாடு வந்தால் ஈரல் விட்டுக்கொடுக்கும், தசை விட்டுக்கொடுக்கும். மூளைதான் கடைசிவரை பிடித்து வைத்திருக்கும்.

மறதி போய்விடுமா என்று கேட்டேன்.

தெரியாது என்றாள். யாருக்கும் இன்னும் தெரியாது. குறைகிறதை நிரப்பலாம். அவ்வளவுதான்.

முட்டையில் அந்தச் சத்து உண்டாம். மறுநாளிலிருந்து அடை மாவில் ஒரு முட்டை உடைத்து ஊற்றினாள். அவருக்குத் தெரியாமல்.

ஆடியில் அவள் போனாள். கல்லூரிக்குப் போகிற வழியில், லாரி.

அதன்பிறகு முட்டையை உடைப்பது நான்.

சில காலைகளில், "சங்கரி காலேஜுக்குப் போயாச்சா?" என்பார்.

"போயாச்சு மாமா" என்பேன்.

இன்று முட்டை மாவில் விழுந்த நேரம், பின்னால் இருமல் சத்தம்.

கதவு நிலையைப் பிடித்தபடி மாமா நின்றிருந்தார்.

கிண்ணத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

மறைக்க இடமில்லை.

இனி இந்த வீட்டில் எதையும் வாயில் வைக்கமாட்டார். அவள் எனக்கு விட்டுப்போன வேலை இது ஒன்றுதான். காலையில் எழுந்திருக்க எனக்கு வேறு காரணமும் இல்லை.

மஞ்சள் கரு உடையாமல் மாவின் நடுவில் கிடந்தது.

மாமா அருகே வந்தார். குனிந்து மோந்து பார்த்தார்.

"பெருங்காயம் பத்தாது மாப்ள. சங்கரி கூடப் போடுவா. இல்லன்னா முட்ட வாடை அடிக்கும்லா."

கரண்டி கையிலேயே நின்றது.

"உங்களுக்குத் தெரியுமா மாமா?"

"மொத நாளே தெரியும். எனக்கு மூக்கு இல்லையா?" சிரித்தார். "பிள்ள இம்புட்டுப் பாடுபடுது. திங்காம என்ன செய்ய? அவகிட்டச் சொல்லிராதீங்க."

"சொல்லல மாமா."

பெருங்காய டப்பாவை அவரே எடுத்தார். எந்த அலமாரி, எந்தத் தட்டு என்று தேடவில்லை. இரண்டு விரலால் அள்ளிப் போட்டார்.

சுட்டதும் சாப்பிட்டார். ஓரம் இன்னும் முறுகலாக வேண்டும் என்றார். இன்னொன்று கேட்டார்.

நானும் ஒன்று வைத்துக்கொண்டு அவர் எதிரில் உட்கார்ந்தேன்.

பெருங்காயம் தூக்கலாக இருந்தது. அது நாக்கில் தெரிந்தது. ஆடிக்குப் பிறகு எதுவும் தெரிந்ததில்லை.

அவள் கடைசியாக என்ன சொன்னாள் என்று பதினாறாம் நாள் விசேஷத்துக்கு வந்தவர்கள் கேட்டார்கள். அப்பாவைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள் என்றேன். எல்லோரும் அழுதார்கள்.

அவள் அப்படிச் சொல்லவில்லை.

ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வண்டி வரைக்கும் போனவள், திரும்பி வந்தாள். உள்ளே எட்டிப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"முட்ட ஓடு குப்பைக் கூடையில மேலாக்கக் கெடக்கு. அப்பா கண்ணுல படுறதுக்குள்ள ஒரு பேப்பரப் போட்டு மூடிருங்க, என்ன?"