பாலத்தடியில் ஐந்தாவது மீன்

இரண்டு மணிக்குள் கரைக்குத் திரும்பிவிட வேண்டும்.

இன்னும் நாற்பது நிமிடம். படகின் தொட்டியில் நான்கு பிரீம் மீன்கள் உயிரோடு கிடந்தன. போட்டிக்கு ஐந்து வேண்டும்.

அவன் மோட்டாரை நிறுத்தினான். பழைய மரப்பாலத்தின் தூண்களுக்கு நடுவே படகு மெல்ல நகர்ந்தது. தூண்களில் சிப்பி அப்பியிருந்தது. சிப்பியைத் தேடிக்கொண்டு பிரீம் இங்கே வரும்.

முன்னிருக்கையில் பேரின்பம் அண்ணை. வலக்கை மடியில் கிடந்தது. இடக்கையால் தூண்டிலை வீசினார். பிறகு அடிக்கட்டையை முழங்கால்களுக்கு நடுவே இறுக்கிக்கொண்டு, அதே கையால் ரீலைச் சுற்றினார்.

படகில் ஒரு சத்தமும் இல்லை.

பதினான்கு வருடத்தில் இப்படி இருந்ததே இல்லை.

இருவரும் மெல்பர்னில் ஒரே டிப்போவில் பஸ் ஓட்டியவர்கள். ஒவ்வொரு மாசியும் நான்கு மணி நேரம் காரோடி இந்தக் கழிமுகத்துப் போட்டிக்கு வருவார்கள். இரண்டு பேர் ஒரு குழு. நூறு படகுகளில் இவர்களுடையதை மட்டும் மற்றவர்கள் ‘ரேடியோ படகு’ என்பார்கள்.

அண்ணை கதைத்துக்கொண்டே இருப்பார். மனேஜரின் பொய்முடி. பஸ்ஸில் தூங்கிப்போய் மூன்று தடவை சுற்றிவந்த கிழவர். கணவாய்க் கறிக்கு எப்போது புளி விடவேண்டும் என்பது.

மீன் கொத்தினால் குரல் மாறும்.

“நேயர்களே, இதோ வருகிறார்! வலப்பக்கம் திரும்புகிறார்! ஐயோ, தூணுக்குப் பின்னால் ஒளிகிறார்!”

பக்கத்துப் படகில் வெள்ளைக்காரர்கள் ஒன்றும் விளங்காமலே சிரிப்பார்கள்.

அவனுடைய மனைவி விட்டுப்போன வருடம், அண்ணை இரண்டு நாளும் வாய் ஓயவில்லை. அதைப் பற்றி மட்டும் ஒன்றும் கேட்கவில்லை.

போன ஆடியில் அண்ணைக்கு வாதம் வந்து வலப்பக்கம் விழுந்தது. பேச்சும் போனது.

இந்த முறை வேண்டாம் என்றுதான் அவன் நினைத்திருந்தான். பதிவுப் படிவத்தை மேசையில் அவன் பக்கம் தள்ளியது அண்ணைதான்.

தூண்டில் வளைந்தது.

சாதாரண வளைவு இல்லை. நுனி தண்ணீரைத் தொட்டது. ரீல் கிறீச்சிட்டுக்கொண்டு நூலைக் கொடுத்தது.

அண்ணை முழங்கால்களை நெரித்தார். இடக்கையால் தூண்டிலைத் தூக்கினார். கையை விட்டு, ரீலைச் சுற்றினார். மறுபடி தூக்கினார். இரண்டு கை செய்யும் வேலையை ஒரு கை ஓடி ஓடிச் செய்தது.

மீன் தூணை நோக்கிப் போனது. சிப்பியில் நூல் உரசினால் அறுந்துவிடும்.

அவனுடைய கை தானாக நீண்டது.

கொத்திய மீனை அவரவரே இழுக்க வேண்டும். மற்றவர் வலை பிடிக்கலாம், தூண்டிலைத் தொடக் கூடாது. தொட்டால் இரண்டு பேரும் போட்டிக்கு வெளியே.

அண்ணை நிமிர்ந்து பார்த்தார்.

அவன் கையை இழுத்துக்கொண்டான். வலையை எடுத்தான். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

“நேயர்களே,” என்றான்.

அவனுக்கு வராத வேலை இது.

“இதோ... வருகிறார். இல்லை, போகிறார். நேயர்களே, பெரிய ஆள் போலக் கிடக்கு...”

ஒருமுறை தொடங்கியபின் நிறுத்த முடியவில்லை. மீனைச் சொன்னான். புது மனேஜரைச் சொன்னான். பேச்சில் எங்கேயோ போய்விட்டான்.

“டிப்போவில உங்கட லொக்கரில இன்னும் உங்கட பேர்தான் அண்ணை, நான் ஒருத்தரையும் தொட விடேல்லை, நீங்கள் வருவியள் எண்டு சொல்லி...”

“கதையாதை.”

அவன் திறந்த வாயோடு நின்றான்.

தடித்த குரல். பாதி நசுங்கியிருந்தது. ஆனால் அதே குரல்.

அண்ணை அவனைப் பார்க்கவில்லை. சொன்னது அவருக்கே தெரிந்ததோ என்னவோ. கண் முழுக்கத் தண்ணீரில் இருந்தது. தூக்கினார், சுற்றினார், தூக்கினார்.

மீன் பக்கவாட்டில் புரண்டு வெள்ளியாய் மின்னியது.

அவன் வலையை நீட்டினான். கண் கலங்கி, முதல் தடவை தவறவிட்டான். இரண்டாம் தடவை மீன் வலைக்குள் வந்துவிட்டது.

ஐந்து மீனும் சேர்ந்து நாலே முக்கால் கிலோ. ஆறாம் இடம். எடை பார்த்தபின் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் விட்டார்கள்.

இறங்குதுறையில் அண்ணையின் மனைவி புவனேஸ்வரி அக்கா காத்திருந்தார். ஏழு மாதமாகச் சாப்பாட்டு மேசையில் அண்ணைக்கு முன்னால் இருந்து, ஒவ்வொன்றாகக் காட்டிச் சொல்லச் சொன்னவர். கரண்டி. கோப்பை. தன்னுடைய முகம்.

அவனால் அடக்க முடியவில்லை.

“அண்ணை கதைச்சவர், அக்கா.”

அக்கா கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“என்ன சொன்னவர்?”

அவன் அண்ணையைப் பார்த்தான். அண்ணை படகிலேயே இருந்தபடி ஆற்றைப் பார்த்தார்.

“உங்களைத்தான் கூப்பிட்டவர்.”

“என்னெண்டு?”

அதை அவன் எதிர்பார்க்கவில்லை.

ஊருலகத்தில் ஒருவர் மிச்சமில்லாமல் எல்லாரைப் பற்றியும் அண்ணை அந்தப் படகில் வைத்துக் கதைத்திருக்கிறார். அக்காவின் பேர் மட்டும் வந்ததில்லை. ‘வீட்டில சொன்னவ’ என்பார். அவ்வளவுதான். தனியே இருக்கையில் என்ன சொல்லிக் கூப்பிடுவார் என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

அக்கா காத்திருந்தார்.

அண்ணையின் தோள்கள் குலுங்கின. சத்தமில்லாமல் சிரித்தார். முகத்தின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது.

அக்கா அவரைப் பார்த்தார். அவனைப் பார்த்தார்.

“சரி தம்பி,” என்றார். “சாப்பாடு காருக்குள்ள கிடக்கு. போய்ச் சாப்பிடுங்கோ.”

பிறகு படகில் இறங்கி, அண்ணைக்கு முன்னால் குந்தி, மிதவை அங்கியின் கொளுக்கியைக் கழற்றினார். முகத்தை அவருடைய முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனார்.

“இப்ப சொல்லுங்கோ.”

அவன் காரை நோக்கி நடந்தான். காதில் விழாத தூரம் வரும்வரை, வேகவேகமாக.