விடுப்பு கிடையாது

அனுமதி வாங்காமல் அறுபது நாள் சபைக்கு வராத உறுப்பினர் பதவியை இழப்பார் என்பது விதி. விடுப்புக் கடிதங்களைப் பதிந்து, சபாநாயகர் பக்கத்தில் நின்று எடுத்துக் கொடுப்பது அவள் வேலை. அவள் கணவரும் ஓர் உறுப்பினர்தான். மூன்று வருடத்துக்கு முன் கடலுக்குப் போனார். படகு மட்டும் கரை ஒதுங்கியது.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஐம்பத்தொன்பதாம் நாளும் அவர் கையெழுத்தில் ஒரு கடிதம் அவள் மேசையில் இருக்கும். காரணம்: சொந்த வேலை. தாள் நமுத்துப்போயிருக்கும். மின்விசிறியடியில் காயவைத்து, எண் போட்டு அனுப்புவாள். சபையும் தலையாட்டிவிடும்.

"இத்தனை லீவா! குடுத்து வச்ச மனுஷன்மா உன் வீட்டுக்காரர்," என்பார் பக்கத்து மேசைக்காரர்.

"வீட்டுக்கும் ஒரு வரி எழுதியிருக்கலாம்ல சார்," என்பாள்.

பதினெட்டாவது கடிதத்தைச் சபாநாயகர் கடனே என்று வாசித்தார். "விடுப்பு தரச் சபைக்குச் சம்மதமா?"

சபை வாய் திறக்குமுன், அங்கே பேசவே உரிமையில்லாத அவள் பேசிவிட்டாள். "லீவு கிடையாது. வரச் சொல்லுங்க."

சபாநாயகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாளைக்குப் பார்ப்போம்," என்று கடிதத்தை ஓரமாக வைத்தார்.

மறுநாள் காலை வருகைப் பதிவேட்டில் அவள் கணவரின் கையெழுத்து இருந்தது. வந்த நேரம், ஒன்பது மணி. இருக்கையில் யாருமில்லை.

மாலையில் எல்லோரும் போன நேரத்தை எழுதிவிட்டுக் கிளம்பினார்கள். அவர் கட்டம் மட்டும் காலியாக இருந்தது. அவள் பதிவேட்டைத் திறந்தபடியே விட்டு, அதன்மேல் கிடந்த பேனாவை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.