சோபாவில் ஒரு தலையணை

மாதக்கணக்கில் நெஞ்செரிச்சல், வாயெல்லாம் புளிப்பு. வாய்வழியாகக் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு டாக்டர் கேட்டார்.

"தூக்கத்துல இருமல் வருதாம்மா?"

"வருது போல. வீட்டுக்காரர் தலையணையைத் தூக்கிட்டு ஹால் சோபாவுக்குப் போயிடுறார்."

"பாவம் மனுஷன்! படுத்ததும் வயித்து அமிலம் தொண்டைக்கு ஏறுது, அதான் இருமல். மாத்திரை தரேன். சாப்பிட்ட உடனே படுக்காதீங்க. அவரும் கட்டிலுக்குத் திரும்பிடுவார்."

நான் டாக்டரைத் திருத்தவில்லை. கணவர் இறந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. இருந்தவரை நான் இருமினால் பொறுக்க மாட்டார். "உன் பக்கத்துல படுக்கிறதுக்கு மாவு மில்லுல போய்ப் படுக்கலாம்" என்று முணுமுணுத்தபடி சோபாவுக்குப் போவார். இப்போதும் ராத்திரி கட்டிலில் என் பக்கத்தில் வைக்கும் அவருடைய தலையணை காலையில் சோபாவில்தான் கிடக்கிறது. வீட்டில் வேறு யாரும் இல்லை.

மாத்திரை நன்றாகவே வேலை செய்தது. எரிச்சல் அடங்கியது, தொண்டை தெளிந்தது. காலையில் தலையணை, வைத்தது வைத்தபடி, ஒரு சுருக்கமும் இல்லாமல் என் பக்கத்திலேயே இருந்தது. மறுநாளும் அப்படித்தான். அந்த வாரம் முழுக்க அப்படித்தான்.

பிறகு மாத்திரை அட்டையை அலமாரிக்குள் தள்ளினேன். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு உடனே போய்ப் படுத்தேன்.

விழித்தபோது நெஞ்சு எரிந்தது. கட்டிலின் அந்தப் பக்கம் காலியாக இருந்தது. காபியை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போனேன். நடுவில் குழிந்து கிடந்த தலையணைக்கு எதிரே உட்கார்ந்தேன்.

"மில்லு ராத்திரி ரொம்ப ஓடுச்சா?" என்று கேட்டேன்.