சேவை மனப்பான்மை

"பாதியில விட்டுட்டுப் போறாங்களே, இவங்களுக்கெல்லாம் மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா?"

துணிக்கடைக்காரர் மேஜையைத் தட்டினார். கூடியிருந்த பெற்றோர் தலையாட்டினார்கள்.

பின்னே? பரீட்சைக்கு இன்னும் ஒரு மாசம்தான். தேறினால் பிள்ளைகளுக்கு ஜப்பானில் ஃபேக்டரி வேலை. அவருடைய கடைக்குட்டியும் அந்த வகுப்பில்தான் இருந்தான். இந்த நேரம் பார்த்து, ஊரில் ஜப்பானிய மொழி சொல்லித்தர இருந்த ஒரே டீச்சரும் கம்பெனி வேலைக்குக் கிளம்பிவிட்டாள்.

டீச்சர் ஓரமாக நின்றிருந்தாள். பார்வை தரையில் இருந்தது.

"வாத்தியார் வேலைன்னா சேவைம்மா. நாலு காசு கூடக் கிடைக்குதுன்னா ஓடிடறதா?"

"சேவையைப் பத்தி யார் பேசறதுன்னு பாரு," என்று பின்னால் ஒருவர் முணுமுணுத்தார். "ஒரு கைக்குட்டைக்குத் தள்ளுபடி குடுத்திருப்பாரா?"

பயிற்சி மையத்தின் நிர்வாகி கையைப் பிசைந்தார். "விளம்பரம் குடுத்துப் பார்த்துட்டேன் சார். ஒரு ஈ காக்கா வரலை. ஆள் கிடைக்கலைன்னா வகுப்பை மூடவேண்டியதுதான்."

"மூடறதா? ஊர்ல படிச்சவங்களே இல்லையா? வீட்டுல சும்மா இருக்கிறவங்க யாராவது வந்தா என்ன குறைஞ்சுடும்? நல்ல மனசு வேணும், அவ்வளவுதான்."

"நான் எடுக்கறேன்ப்பா."

கடைசி பெஞ்சில், தோளில் தூங்கும் குழந்தையோடு எழுந்து நின்றாள் துணிக்கடைக்காரரின் மகள். இதே டீச்சரிடம் ஜப்பானிய மொழி படித்து, அதன் மேல்நிலைப் பரீட்சை வரைக்கும் தேறியவள்.

நிர்வாகிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "வீட்டுலயே ஆளை வெச்சுக்கிட்டா சார் இவ்வளவு நேரம் சண்டை போட்டீங்க?"

துணிக்கடைக்காரர் முகம் சுண்டிப்போனது. "நீ உக்காரு."

"தம்பிக்கும்தானேப்பா பரீட்சை?"

"அதுக்கு? குழந்தை கொஞ்சம் வளரட்டும், பெரிய கம்பெனியில சேர்த்துவிடலாம்னு உன்னைப் படிக்க வெச்சா, இவங்க குடுக்கிற பிச்சைக்காசுக்குத் தொண்டைத்தண்ணி வத்தக் கத்தப் போறியா? பொழைக்கத் தெரியாதவங்க பார்க்கிற வேலைடி அது."

மகள் உட்காரவில்லை. மற்றவர்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள்.

டீச்சர் அப்போதுதான் நிமிர்ந்தாள்.

"எங்கப்பாவும் இதையேதான் சார் சொல்லிட்டிருந்தாரு. நான்தான் இத்தனை வருஷமா காதுல போட்டுக்கலை."