பிலாத்துவின் இடம்

ஞாயிறுதோறும் சபை எழுந்து நின்று சொல்லும் பழைய விசுவாசப் பிரமாணம் இந்தக் காலத்து மனிதனுக்கு எட்டாது என்று, பேராசிரியர் தேவசித்தம் பதினொரு வருடம் யோசித்துப் புதிதாக ஒன்று எழுதினார். முதல் வேலையாக, இயேசுவைச் சிலுவைக்கு ஒப்புக்கொடுத்த ரோம ஆளுநர் பொந்தியு பிலாத்துவின் பெயரை நீக்கினார்.

"கையைக் கழுவிட்டுப் போன அதிகாரி பேரை நாம எதுக்கு இன்னும் சொல்லணும்?"

"அந்தப் பேரு இருக்கப்போய்த்தான் சார், இது ஒரு நாள் நெசமாவே நடந்துச்சுன்னு தெரியுது" என்றார் கோயில் மணியடிக்கும் வேதக்கண். மணியடிப்பவரின் இறையியலைப் பேராசிரியர் காதில் வாங்கவில்லை.

"சபையார் வாயில நின்னா வச்சுக்கிடலாம்" என்றார் சபையின் குருவான அய்யர்.

ஞாயிறன்று அச்சடித்த தாள் எல்லார் கைக்கும் வந்தது. தாளில் இருப்பதை ஓர் எழுத்து விடாமல் ஒரே குரலில் வாசிக்கிற சபை அது. பிரபஞ்சப் பேருணர்வை வாசித்தார்கள். இருத்தலின் ஆழத்தை வாசித்தார்கள். அதே மூச்சில், "ஆக்கம்: பேராசிரியர் டாக்டர் தேவசித்தம், எம்.ஏ., பிஎச்.டி." என்பதையும் வாசித்து, பயபக்தியோடு தலைகுனிந்து "ஆமென்" என்றார்கள்.

"நல்லாத்தான் இருக்கு சார்" என்றார் வாசலில் ரூபவதி டீச்சர். "உங்களையும் சேத்து விசுவாசிக்கணும்னா மட்டும் கொஞ்சம் டைம் குடுங்க."

பேராசிரியர் வாய்விட்டுச் சிரித்தார். அவரே அய்யரிடம் போய், "பழசே இருக்கட்டும்" என்றார்.

அடுத்த ஞாயிறு, பிலாத்துவின் பெயர் வந்தபோது, பிரமாணத்தில் உடன் வேலை பார்த்தவரைக் கூப்பிடுவதுபோல் ஒரு குரல் மட்டும் வாஞ்சையாக உயர்ந்தது. வேதக்கண் முன்வரிசையில் நின்ற பேராசிரியரை எட்டிப் பார்த்தார்.