ஏழாவது நடுகல்

பட்டாசு ஆலை வெடியில் செத்த ஆறு பெண்களை, பழைய நடுகல் வீரர்களைப் போல வாளேந்தி நிற்பவர்களாக வரைந்திருந்தாள் ஓவியர் சுதாராணி. கோவில்பட்டியில் கண்காட்சி திறக்கும் காலையில் பார்த்தால், படத்தில் ஏழு பேர்.

திறந்துவைக்க வந்த ஆலை முதலாளி பூவனநாதன் இரைந்தார். "செத்தது ஆறு பேருதான். மத்ததை அழிச்சிரு!"

மூன்று தடவை வெள்ளை பூசினாள். மூன்று தடவையும் அந்த உருவம் மேலே வந்தது.

புதூரிலிருந்து வந்த காளீஸ்வரி, ஏழாவது பெண்ணின் தழும்பேறிய புருவத்தைத் தடவினாள். "எம்மவ அன்னைக்கு வேலைக்கே வரலன்னு சொன்னீயளே, அண்ணாச்சி!"

சுதாராணி தூரிகையை எடுத்தாள்.

"பேரைச் சொல்லுங்க, மதினி."

"முத்துமணி."

முதலாளி பார்க்கப் பார்க்க, உருவத்தின் காலடியில் அந்தப் பெயரை எழுதினாள்.

காளீஸ்வரி புருவத்தைத் தடவிய விரல்களை விரித்துப் பார்த்தாள். கருமருந்து அப்பியிருந்தது.