ஒரே இலை

ஒரு தீவின் குதிக்கும் சிலந்திகளில் பதின்மூன்று இனங்களுக்குப் பெயர் வைத்தவன் நான். நேற்றோடு பன்னிரண்டு. நீக்கப்பட்டது என் மனைவி பூங்கோதையின் பெயர் என்பதால், ஆறு வருடமாக என்னைப் பிரிந்து தனியாக இருக்கும் அவளுக்குப் போன் செய்து சொல்லும் வேலையும் என் தலையில் விழுந்தது.

“ஏன் எடுத்தாங்க?”

“அது தனி இனம் இல்லையாம். கறுப்பா ஒண்ணு இருந்துச்சுல்ல, அதோட பெண்ணாம்.”

அந்தக் கறுப்பு ஆணுக்கு முன்பே என் பேராசிரியரின் பெயரை வைத்துவிட்டேன். பதவி உயர்வு அவர் கையில் இருந்தது. முதலில் வைத்த பெயர்தான் நிற்கும் என்பது எங்கள் விதி.

“ரெண்டும் ஒரே இலையிலதான இருந்துச்சு? நான்தான பிடிச்சுக் குடுத்தேன். ஜோடின்னு அப்பவே சொன்னேன்.”

சொன்னாள்தான். நான் சிரித்துவிட்டு, இரண்டின் நிறத்தையும் காட்டி அரை மணி நேரம் வகுப்பெடுத்தேன். பிறகு சமாதானத்துக்கு அவள் பெயரை வைத்தேன். எட்டுக் கண் பிராணியை நுண்ணோக்கியில் பார்த்தே முடி நரைத்தவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

இப்போது போனில் கேட்டாள்: “இப்பத்தான் ஜோடின்னு தெரிஞ்சிருச்சே. இனிமேலாவது ரெண்டையும் ஒரே குப்பியில போட்டு வைப்பாங்களா?”

பெயர் வைக்க எடுத்த உடல்களைக் கடைசிவரை தனித்தனி ஸ்பிரிட் குப்பிகளில்தான் வைக்கவேண்டும். அதுவும் விதிதான்.

“வைப்பாங்க, கோதை” என்றேன்.